அப்பாயி படத்துக் கண்ணாடி

மணிமேகலையில் ஒரு பளிக்கறை வருகிறது. உவவனத்தில் உதயகுமரனின் கண்ணில் படாமல் இருக்க மணிமேகலை அதற்குள் போகிறாள். உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் மட்டும் வெளியே வராது. இதுதான் அந்த அறையின் இயல்பு. பளிங்கின் வழியே அவளைப் பார்க்கும் உதயகுமரன் முதலில் ஓவியம் என்றே நினைத்து, வரைந்தவனின் கற்பனையை வியக்கிறான். உயிருள்ள பெண் என்பது பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் கூடத்தின் படங்கள் நினைவுக்கு வரும்.

கூடத்தில் பதினொரு படங்கள் இருந்தன. சாமிகள், தாத்தா, பெரிய தாத்தா, காந்தி, நேரு என்று எல்லாவற்றையும் கழித்தால் எங்கள் வீட்டுப் பெண் என்று மிஞ்சுவது ஒரே ஒரு படம், அப்பாயியுடையது. பொங்கலுக்கு முன்னால் இந்தப் பதினொன்றையும் இறக்கித் துடைப்பது அம்மாவும் நானும்தான். பையன்களிடம் கொடுத்தால் உடைத்துவிடுவார்களாம். பெண்களின் கை பதவிசானது என்ற பாராட்டு, பெரும்பாலும் ஒரு வேலையோடு சேர்ந்தேதான் வரும்.

துடைக்கிற கைக்குத் தெரிவது பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. தாத்தாவின் படம் கனமானது. தேக்குச் சட்டம், படத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு வெள்ளை அட்டை மவுன்ட். அப்பாயி படத்துக்கு மெல்லிய பீடிங்தான், மவுன்ட் கிடையாது. கண்ணாடி நேராகப் படத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பார்ப்பவர்கள் இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக நினைப்பார்கள். உண்மையில் படத்தின் ஆயுள் அந்த அட்டையில்தான் இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் பூச்சால் ஆனது. ஈரம் பட்டால் அது ஊறி இளகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் டெல்டா ஊர்ச் சுவர்கள் ஓதம் ஏறி நிற்கும், கண்ணாடியின் உட்புறமும் பூத்துப்போகும். மவுன்ட் இருந்தால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் கொஞ்சம் காற்று இருக்கும். இல்லையென்றால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தாத்தா இன்றும் பளிச்சென்று இருக்கிறார். அப்பாயியின் இடது கன்னமும் தோளும் கண்ணாடியோடு ஒட்டி, ஈரம் காயாத திட்டுப் போல மினுங்குகின்றன. சட்டம் போட்ட அன்று மிச்சம் பிடித்த சில ரூபாய்களின் விலை அது.

அந்தப் படம் 1974இல், அப்பாவின் கல்யாணத்தன்று எடுத்தது. இருபத்தாறு வயதில் தாலி இழந்த அப்பாயி மகன் கல்யாணத்தில் மணமேடைப் பக்கம் வரவில்லை. ஸ்டுடியோக்காரர் கொல்லைப்புறம் போய், கிணற்றடியில் வைத்து எடுத்தாராம். அவள் இறந்த பிறகு, அமாவாசைதோறும் படத்துக்குத் திருநீறு மட்டும்தான். பக்கத்து வீட்டில் சுமங்கலியாகச் செத்த அத்தையின் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நெற்றியில் வைக்க விடாததைக் கண்ணாடியின் மேல்கூட வைக்க மனம் வராத வழக்கம் இது. எங்கள் ஊரில் கண்ணாடிக்கும் கைம்மை உண்டு.

போன வருஷம் வீட்டை இடித்துக் கட்டியபோது படங்களை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அப்பாயி படத்தைப் பிரித்தெடுத்து, கம்ப்யூட்டரில் சரிசெய்து, பெரிதாகப் போடலாம் என்றார் சித்தப்பா. "அப்படியே ஒரு பொட்டும் வச்சிட்டா லட்சணமா இருக்கும்ல அண்ணி?"

அம்மா நிமிரவில்லை. "இருந்தப்ப வைக்க விட்டீங்களா தம்பி?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படத்தை நானும் அம்மாவும் சட்டம் போடும் கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்காரர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "பிரிக்காதீங்கம்மா, முகம் கண்ணாடியோட வந்துரும்" என்றார். அவர் சொன்னது சரி. ஒட்டிய படத்தை உரிக்கவும் கூடாது, நனைக்கவும் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை அப்படியே வைத்திருப்பதுதான் வழி. பின்னால் இருந்த பழைய ஹார்ட்போர்டை மாற்றி, அமிலமில்லாத அட்டை வைத்தோம். பிரதிக்குத் தாத்தாவுக்குப் போட்ட அளவிலேயே மவுன்ட் போடச் சொன்னாள் அம்மா. பொட்டு இல்லை.

பிரதிக்குக் கண்ணாடி தேர்ந்தெடுக்கத்தான் நேரம் ஆனது. சாதாரண 2 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர அடிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ கனம். விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், அதனால்தான் எதிரே ஜன்னல் இருந்தால் படத்துக்குப் பதில் நம் முகம் தெரிகிறது. கண் கூசாது என்று சொல்லி விற்கும் சொரசொரப்புக் கண்ணாடி, படத்தை ஒட்டியிருந்தால்தான் தெளிவாகக் காட்டும். மவுன்ட் போட்டு விலக்கினால் மங்கலடிக்கும். அக்ரிலிக் கனத்தில் பாதிதான், விழுந்தாலும் சிதறாது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது. ஆனால் எளிதில் கீறல் விழும், தூசியை இழுக்கும், அம்மோனியா கலந்த திரவம் பட்டால் கெட்டுப்போகும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் உண்டு, விலைதான் அதிகம். நாங்கள் சாதாரணக் கண்ணாடியே போட்டு, வெயில் விழாத உட்சுவரில் மாட்டினோம். கீழ் மூலைகளில் பின்பக்கம் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும்.

துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. திரவத்தைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். கண்ணாடியில் அடித்தால் வழிந்து பீடிங் இடுக்கில் இறங்கி உள்ளே போகும். குழைத்து வைக்கும் சந்தனமும் அப்படித்தான் இறங்குகிறது. வீடு மாற்றும்போது கண்ணாடியின் மேல் பெருக்கல் குறி போல மாஸ்கிங் டேப் ஒட்டி, படத்தை நிமிர்த்தி எடுத்துப்போக வேண்டும். உடைந்தாலும் துண்டுகள் உதிர்ந்து படத்தைக் கிழிக்காது.

கடையில் பழைய அட்டையைக் கழற்றியபோது அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன். சட்டம் போட்ட கடையின் முத்திரை இருந்தது, தொலைபேசி எண்கூட இருந்தது. படத்தில் இருப்பவளின் பெயர் இல்லை. என் அண்ணன் பிள்ளைகளுக்கு அவள் பெயர் தெரியாது, 'அப்பாவோட அப்பாயி' அவ்வளவுதான். புது அட்டையில் அம்மா எழுதச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர், பிறந்த ஊர், நாற்று நட்டே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியது, நன்றாகக் கும்மி பாடுவாள் என்பது, படம் எடுத்த இடம் கிணற்றடி என்பது. கண்ணாடி உருவத்தை மட்டும்தான் காட்டும். மற்றதையெல்லாம் பின்னால்தான் எழுத முடியும்.

உங்கள் வீட்டில் இருக்கும் பெண்களின் படங்களையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எழுதுவதென்றால் படத்தில் எழுதாதீர்கள், அட்டையில் எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்துக்கு இறங்கிவிடும், பென்சில்தான் நல்லது.