பிறந்தநாள் விண்மீன்

"உன் நட்சத்திரம் என்ன?" என்னும் கேள்வி நம் மண்ணில் எவர்க்கும் புதியதன்று. ஒருவர் பிறந்த வேளையில் திங்கள் எந்த விண்மீனை ஒட்டி நின்றதோ அதுவே அவருடைய நட்சத்திரம். இருபத்தேழில் ஒன்று வாழ்நாள் முழுதும் அவரோடு வருகிறது. வானியலிலோ வேறொரு கணக்கு உண்டு. அக்கணக்கில் நம் விண்மீன் வயதோடு மாறுகிறது.

ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஓராண்டில் அது கடக்கும் தொலைவே ஓர் ஒளியாண்டு, ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஆகவே, நம் வயதும் ஒரு விண்மீனின் ஒளியாண்டுத் தொலைவும் ஒத்துவந்தால், நாம் பிறந்தபோது அங்கிருந்து புறப்பட்ட ஒளி இப்பொழுதுதான் நம் கண்ணை வந்தடைகிறது. அதுவே நம் பிறந்தநாள் விண்மீன்.

எட்டரை வயதுச் சிறுவனுக்குச் சிரியஸ், பதினேழு வயதினருக்குத் திருவோணம், முப்பத்துநான்கில் புனர்பூசத்தின் ஒளிமிக்க மீன், முப்பத்தேழில் சுவாதி, அறுபத்தாறை ஒட்டி ரோகிணி, எழுபத்தொன்பதில் மகம். ஒரு விண்மீனின் தொலைவைப் பெசல் என்னும் ஜெர்மானியர் 1838இல் நம்பத்தக்க முறையில் அளந்து அறிவித்தார். 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்கஸ் விண்கலம் ஏறத்தாழ 1,18,000 மீன்களை நுட்பமாக அளந்தது. அப்பட்டியல் 1997இல் வெளிவந்தது.

1933இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியின் விளக்குகளை ஏற்றுவதற்குச் சுவாதியின் ஒளியைத்தான் துணைக்கொண்டனர். அந்நகரின் 1893ஆம் ஆண்டுப் பொருட்காட்சியின்போது புறப்பட்ட ஒளி, நாற்பதாண்டு நடந்து வந்து சேர்கிறது என்பது அன்றைய கணக்கு. தொலைநோக்கியில் சேர்த்த அவ்வொளியை ஒளிமின்கலத்தில் செலுத்தி, பிறந்த மின்குறிப்பால் விளக்குகளை எரியச் செய்தனர். பின்னாளைய அளவீடு அத்தொலைவை ஏறத்தாழ 37 ஒளியாண்டாகக் குறைத்துவிட்டது.

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்றில் முப்பத்தேழு வயதுச் சகோதரி ஒருவர் இருக்கிறார். பள்ளி ஆசிரியை; தம்பியர் இருவரைப் படிக்க வைத்தவர். பிறந்தது மூல நட்சத்திரம். 'மாமனாருக்கு ஆகாது' என்ற ஒரு சொல்லால், வந்த வரன்கள் யாவும் வாசலோடு திரும்பின. சென்ற சித்திரையில் ஓர் இரவு, ஒன்பது மணியளவில், அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றோம். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைந்து செல்லும் வழியே கிழக்கில் செம்மஞ்சளாய் ஒளிர்ந்த சுவாதியைக் காட்டி, அவர் பிறந்த காலத்தில் புறப்பட்ட ஒளி அது என்றோம். நெடுநேரம் பார்த்திருந்தவர், "இது யாருக்கு ஆகாதாம்?" என்று கேட்டுச் சிரித்தார். படிக்கட்டில் அமர்ந்திருந்த அவருடைய தாயார் சிரிக்கவில்லை.

மூலம் என்று நாம் வழங்குவது தேள் வடிவின் வால்பகுதி மீன்களை. அவற்றின் தலையாய மீன் பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. இச்சகோதரி பிறந்த இரவில் மண்ணை எட்டிய அதன் ஒளி, அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் பிறக்குமுன்னரே புறப்பட்டது. ஒரு பெண்ணின் பெயரையோ, அவள் புகப்போகும் வீட்டையோ அது அறிந்திருக்க வழியில்லை. பழியைச் சுமத்தியவர்கள் மண்ணில் இருக்கும் நாம். கோவிலில் இதனை மறுக்கும் நம்மவர் இல்லங்களிலும், பெண் பார்க்கும் வேளையில் இக்கேள்வி தாழ்ந்த குரலில் எழாமலில்லை.

பெண்ணைப் பற்றிக் கேட்டறிய வேண்டியவை வேறு பல உண்டு; அவளிடமே கேட்கலாம்.

அத்தாயாருக்கு அகவை அறுபத்தாறு. வரும் தைத்திங்களில் ரோகிணி உச்சிவானில் நிற்கும்போது, அவரையும் மாடிக்கு அழைத்துச் சென்று காட்டுவதென்று இருக்கிறோம்.