அரக்குத் துண்டு

"வீட்டில் அடர்நிறத் துண்டு இருக்கா?" என்றுதான் அந்தச் செவிலியர் முதலில் கேட்டார். அருப்புக்கோட்டை நெசவுக்குப் பேர்போன ஊர், துண்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து எல்லாம் வெள்ளை. "அரக்கோ கருநீலமோ நாலு வாங்கி வச்சுக்கங்க. ரத்தம் வந்தா வெள்ளையில பார்க்கப் பயமா இருக்கும்." இதை அவர் என்னை வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். எட்டு மாதமாக நாங்கள் எல்லாவற்றையும் வாசலில் வைத்துத்தான் பேசியிருந்தோம்.

அம்மாவுக்கு அக்யூட் மைலாய்ட் லுகேமியா. மதுரையில் கீமோ கொடுத்தார்கள். கொஞ்ச காலம் அடங்கியிருந்து திரும்ப வந்தது. அதன்பின் எங்கள் வாழ்க்கை பிளேட்லெட் கணக்கில் ஓடியது. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது அம்மாவுக்கு எட்டாயிரம். ஏற்றினால் இரண்டு மூன்று நாள் தாங்கும், பிறகு ஈறில் கசியும், மறுபடி கார் பிடிக்க வேண்டும். அம்மா அதை 'மஞ்ச ரத்தம்' என்பாள்.

கட்டி வைத்து வளரும் புற்றுநோயில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஒருநாள் சொல்லிவிடுகிறார்கள். ரத்தப் புற்றுநோயில் அந்த நாள் லேசில் வருவதில்லை. இன்னொரு பை, இன்னொரு ஆன்டிபயாடிக் என்று எப்போதும் ஏதோ ஒன்று மிச்சமிருக்கும். அதனால் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைக்கு இவர்கள் கடைசி வாரங்களில்தான் வந்துசேர்கிறார்கள், பலர் வருவதேயில்லை. வந்தாலும் பல ஹாஸ்பைஸ்களில் ரத்தம் ஏற்ற வசதி கிடையாது. அப்போது யாராவது முடிவெடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது அண்ணன். டாக்டர் என்னிடம் எண்களைச் சொல்லிவிட்டு, "உங்க அண்ணனைப் பேசச் சொல்லுங்க" என்பார். வேலையை விட்டவள் நான், மலம் அள்ளியவளும் நான். சம்மதம் மட்டும் துபாயிலிருந்து வரும், அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவேன். அண்ணனைக் குறைசொல்லி எழுதுவது எளிது. அம்மாவிடம் 'ரத்தத்தில் சத்துக் குறைவு' என்று எட்டு மாதம் பொய் சொன்னது நான்தான்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார் செவிலியர்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பதில் சொல்லலாமா என்று உத்தரவு கேட்கிற பார்வை அது. அறுபத்துநாலு வயது அவளுக்கு.

"மருதைக்கு இனிமே வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து என்னிடம், "எனக்குத் தெரியும்டி. பக்கத்துக் கட்டில் பிள்ளை போனப்பவே தெரியும்" என்றாள். பிறகு வெள்ளரிக்காய் கேட்டாள். நோய்த்தொற்றுக்குப் பயந்து நாங்கள் பச்சைக் காய் எதையும் அவள் கண்ணில் காட்டியதில்லை. "நல்லாக் கழுவித் தோலைச் சீவிக் குடுங்க" என்று செவிலியர் சிரித்தார்.

ஈறுக் கசிவுக்கு டிரானெக்சாமிக் மாத்திரை கரைத்த நீரில் கொப்பளிக்கச் சொன்னார். எலும்பு வலிக்கு நான்கு மணி நேரத்துக்கொருமுறை மார்ஃபின், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. அத்தைக்கு மார்ஃபின் பிடிக்கவில்லை. "மூணு பெத்தவளுக்கு இந்த வலி தாங்காதா? போதை மருந்தைப் போய்க் குடுக்குறீக" என்றாள். மார்ஃபின் நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்க 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அத்தையைத் திருத்தச் சட்டம் வரவில்லை. நான் மணி பார்த்துக் கொடுத்தேன், அம்மா தூங்கினாள்.

அண்ணன் போனில் கத்தினான். "அப்ப அம்மாவச் சாக விடப்போறியா?" உயிர்நீட்டிக்கும் சிகிச்சையை வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது, நடைமுறையை 2023-இல் எளிதாக்கியும் விட்டது. அதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"நான்தான்யா வேண்டாம்னேன். நீ சாப்பிட்டியா?"

அதன்பிறகு பதினோரு நாள் இருந்தாள். ஏற்றியிருந்தால் இருபதா, முப்பதா என்ற கணக்கு இன்னும் சில இரவுகளில் வருகிறது. துண்டில் மூன்று தேவைப்பட்டது.

காரியம் முடிந்த பிறகு செவிலியர் வந்து மிச்சமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டார். நோட்டில் கையெழுத்து வேண்டும் என்றார். திண்ணையிலிருந்து அண்ணன் எழுந்து வந்தான். "பார்த்துக்கிட்டவங்கதான் போடணும்" என்று நோட்டை என் பக்கம் நீட்டினார்.