வம்ச மரத்தில் ஒரு கிட்னி கல்

அணுமருத்துவப் பிரிவு தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. நான் போனபோது டெக்னீஷியன் அன்றைய காலியத்தைக் கறந்து முடித்திருந்தார். இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஈய உறைக்குள் இருக்கும் ஜெனரேட்டரில் ஜெர்மானியம்-68 ஓயாமல் காலியம்-68 ஆக மாறிக்கொண்டிருக்கும்; நீர்த்த அமிலத்தைச் செலுத்தினால் காலியம் மட்டும் கழன்று வரும். 68 நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும் என்பதால், ஊசி போட வேண்டியவர்கள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சென்னையின் இந்தப் பெரிய மருத்துவமனைக்கு நான் வந்தது, கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு நடக்கும் வைத்தியத்தைப் பார்க்க. கணையத்தில் கட்டி என்றதுமே குடும்பங்கள் இடிந்துபோகின்றன. ஆனால் எல்லோரும் அஞ்சும் அந்தப் புற்றுநோய், செரிமான நீர் ஓடும் குழாய்களோடு தொடர்புடையது. இது இன்சுலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்களின் வகை. பலருக்கு ஆண்டுக்கணக்கில் மெதுவாகவே வளரும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி வைத்தியத்தையே கைவிடுகிறவர்கள் உண்டு என்று டாக்டர் சொன்னபோது மனம் பதறியது.

இந்தச் செல்களில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் சொமாட்டோஸ்டேடின் ஏற்பிகள் இருக்கின்றன. காலியத்தைச் சுமந்த பெப்டைடு அவற்றில் போய் ஒட்டிக்கொள்ள, ஒருவரின் பெட் ஸ்கேனில் கணையத்திலும் கல்லீரலிலும் கரும்புள்ளிகள் தெரிந்தன. அதே வகைப் பெப்டைடில் லூட்டீசியம்-177 ஏற்றினால் அது சிகிச்சை. மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையில் இந்த லூட்டீசியம் தயாராகிறது. எட்டு வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு தவணை. சிறுநீரகத்தைக் காக்க அமினோ அமில டிரிப் கூடவே ஓடுகிறது. அதனால் வரும் குமட்டல்தான் பெரிய தொல்லை என்றார் கட்டிலில் இருந்தவர்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. மேல்மாடி நோய்க்கூறு ஆய்வகத்தில், பெருகிக்கொண்டிருக்கும் செல்களைக் காட்டும் கி-67 சாயம் ஏறிப் பழுப்பான அணுக்கருக்களை எண்ணுகிறார்கள். 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முதல் கிரேடு, 20ஐத் தாண்டினால் மூன்றாவது. ஹார்மோன் சுரக்காத, 2 செ.மீ.க்குக் குறைந்த முதல் கிரேடு கட்டியைப் பலசமயம் கண்காணித்தாலே போதும். பரவியதற்கு மாதாந்தர ஊசி, எவரோலிமஸ் போன்ற மாத்திரை.

நான் அதிக நேரம் இருந்தது மரபணு ஆலோசனை அறையில். முப்பது வயது தாண்டிய பெண் ஒருவர். விடியற்காலையில் வரும் வலிப்புக்குப் பல ஆண்டு மாத்திரை சாப்பிட்டவர். மருத்துவமனையில் வைத்துப் பட்டினி போட்டுச் சோதித்ததில் சர்க்கரை 55க்குக் கீழே இறங்கியும் இன்சுலின் குறையவில்லை. கணையத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள்.

"உங்க அப்பாவுக்கு என்னம்மா பிரச்சினை?"

"கிட்னியில கல்லுங்க மேடம். ரெண்டு ஆபரேஷன். எங்க ஊர்த் தண்ணி அப்படி."

"அப்பாகூடப் பிறந்தவங்க?"

"அத்தை ஒருத்தங்க. வயித்துப் புண்ணு ஓட்டையாகிப் போய்ட்டாங்க."

ஆலோசகர் தாளில் வரைந்திருந்த வம்ச மரத்தில் அப்பாவின் சதுரத்தையும் அத்தையின் வட்டத்தையும் கருப்பாக்கினார். 11ஆம் குரோமோசோமில் இருக்கும் மென்-1 மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. அதில் பிழை இருந்தால் பாராதைராய்டு வீங்கிக் கால்சியம் ஏறும், கல் வரும். காஸ்ட்ரின் சுரக்கும் கட்டி வந்தால் அமிலம் பெருகிக் குடல் புண்ணாகும். தண்ணீர்மேல் போட்ட பழிக்குப் பின்னால் இப்படி ஒரு வம்சாவளி இருக்கக்கூடும்.

இந்தக் கட்டிகளில் சுமார் பத்தில் ஒன்று பரம்பரை நோய்க்குறிகளோடு வருவது என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2017இல் நேச்சர் இதழில் வந்த மரபணுத்தொகுதி ஆய்வு, பரம்பரை அல்ல என்று நினைத்தவர்களிலேயே 17 சதவீதத்தினரிடம் பிறவிப் பிழையைக் கண்டது. ஆகவே கட்டியை அகற்றுவதோடு கோப்பை மூடுவது சரியல்ல. குடும்பத்தைப் பற்றிக் கேட்கும் அரைமணி நேரம் எல்லா மருத்துவமனையிலும் கட்டாயமாக வேண்டும்.

"அண்ணனுக்கும் கல்லுதான் மேடம்."

"கால்சியம் பார்த்தாங்களா?"

"இல்லீங்க."

கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் என்று அண்ணனுக்குச் சீட்டு எழுதினார். மகளுக்கு எட்டு வயது. பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றதும் அந்தத் தாய் அழுதார்.

"முதல்ல உங்க ரத்தத்துல பிழை எதுன்னு பார்ப்போம்மா. அது பாப்பாகிட்ட இல்லைன்னா, அவளுக்கு வருஷா வருஷம் ஊசி குத்திப் பார்க்கிற வேலையே கிடையாது."