சிம் மட்டும் உயிரோட இருந்தது

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்கா. லினக்ஸ் பதிவுன்னதும் ஓடிராதீங்க, இதுல வெள்ளமும் வருது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி பிரையண்ட் நகர்ல எங்க வீட்டுக்குள்ள முட்டளவு தண்ணி. கரண்ட் இல்ல, நெட் இல்ல. அரிசி மூட்டையை மேல தூக்கும்போது பையில இருந்த போன் தண்ணில விழுந்து செத்துப்போச்சு. அக்கா வீடு ஏரல்ல. தாமிரபரணி ஊருக்குள்ள புகுந்துட்டுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அம்மா வாயே திறக்கல.

மிச்சம் இருந்தது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின திங்க்பேட் எக்ஸ்260. உள்ளேயே சியரா இஎம்7455 4ஜி கார்டு உண்டு, அதுவரைக்கும் தொட்டதில்ல. போன் சிம்மை அடாப்டர் அட்டையில வச்சு சொருகினேன்.

மோடம்மேனேஜர் கார்டையும் காட்டுது, சிம்மையும் காட்டுது. ஆனா எனேபிள் பண்ணினா 'இன்வேலிட் டிரான்சிஷன்'. ஏபிஎன் தப்போன்னு அதையே ஒரு மணி நேரம் நோண்டினேன் (சுத்த வேஸ்ட்). பேட்டரி 41%.

அப்புறம்தான் பார்த்தேன், மோடம் லோ பவர்லயே நிக்குது. இதுதான் எஃப்சிசி லாக். கார்டு, ஆன்டெனா, லேப்டாப் மூணையும் சேர்த்துத்தான் அமெரிக்காவுல அனுமதி வாங்குறாங்க. அதனால லேப்டாப் பக்கம் இருந்து ஒரு கட்டளை வர்ற வரைக்கும் கார்டு ரேடியோவைத் திறக்காது. முன்னாடி மோடம்மேனேஜரே அதை அனுப்பிட்டு இருந்துச்சு. 1.18.4 பதிப்புல இருந்து நாமளா சம்மதிச்சாத்தான் உண்டு. நல்லவேளை, அதுக்கான ஸ்கிரிப்ட் டிஸ்க்குலயே கிடக்கு! யுஎஸ்ஆர் ஷேர்ல மோடம்மேனேஜர் ஃபோல்டருக்குள்ள 'எஃப்சிசி அன்லாக் அவைலபிள்'னு இருக்கும். கார்டோட யுஎஸ்பி எண்ணுதான் ஃபைல் பேரு, எனக்கு 1199:9079. அதுக்கு இடிசி பக்கம் இருக்கிற 'எஃப்சிசி அன்லாக்' ஃபோல்டர்ல ஒரு சிம்லிங்க் போட்டு, சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணினேன். (க்யூஎம்ஐசிஎல்ஐ இருக்கணும், இல்லன்னா ஸ்கிரிப்ட் ஓடாது. இப்பவே போட்டு வையுங்க, நெட் போனப்புறம் எங்க போய் இறக்குவீங்க?)

ரிஜிஸ்டர் ஆயிட்டு! சிக்னல் ஒத்தக் கோடுதான். நம்ம நாட்டுல நிறைய ஓடுற பேண்ட் 40 இந்தக் கார்டுல கிடையாது.

பிரவுசரைத் திறக்கல. எஸ்எம்எஸ் லிஸ்ட் கேட்டேன், ஏழு வந்துருந்துச்சு. ஒண்ணொண்ணா திறந்தா முதல் நாலும் விளம்பரம். அஞ்சாவது அக்கா, முந்தின நாள் ராத்திரி அனுப்பினது. டெர்மினல்ல தமிழ் எழுத்தெல்லாம் உடைஞ்சு, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா கிடக்கு.

அம்மாகிட்ட ஸ்கிரீனைத் திருப்பினேன்.

"இது என்னலே எழுத்து, வாசி."

"மாடில இருக்கோம். பிள்ளைங்க நல்லா இருக்கு. போன்ல சார்ஜ் இல்ல."

"இன்னொருக்க வாசி"ன்னா.