டார்ச் விளக்கு கற்பித்த பாடம்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் வேதாரணியம் அருகே கரையைக் கடந்த கஜா புயலை எங்கள் பகுதி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். தென்னையும் மின்கம்பமும் ஒருங்கே சாய்ந்த அவ்விரவில், ஓடுகள் பறக்கும் ஓசைக்கிடையே என் டார்ச் விளக்கைத் தேடி எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன், ஒளி வரவில்லை. என் வேட்டியைப் பற்றிக்கொண்டு நடுங்கி நின்றாள் பேத்தி.

மின்சாரம் திரும்பிய பின் விளக்கைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது 4 வோல்ட் ஈய அமில பாட்டரி. இவ்வகை பாட்டரியை மின்னேற்றாமல் மாதக்கணக்கில் வைத்துவிட்டால், அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு அது மின்சாரத்தை ஏற்பதில்லை. பிழை விளக்கினுடையதன்று, என்னுடையதே.

அதற்கு மாற்றாகப் பெரிய ஆற்றலுள்ள லித்தியம் மின்கலம் ஒன்றைப் பொருத்த எண்ணினேன். 18650 என்பது அதன் பெயர். பெயரிலேயே அளவு அடங்கியுள்ளது: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். பழைய பாட்டரியின் கொள்ளளவு 500 மில்லி ஆம்பியர் மணி, புதியதோ 2,600. உட்புறப் பிளாஸ்டிக் தடுப்புகளை அறுத்து இடம் செய்தேன். மின்கலத்தின் மீது நேரே பற்றவைத்தால் சூட்டினால் அது கெடும் என்பதால், வில்லுள்ள தாங்கி ஒன்றில் அதை அமர்த்திக் கம்பிகளை இணைத்தேன். வெளிச்சம் பளிச்சிட்டது. முப்பதாண்டுகள் இயற்பியல் கற்பித்த எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை.

அப்பெருமிதத்தில், விளக்கோடு வந்த பழைய இரு முனைகளையே சுவரில் செருகி மின்னேற்றினேன். செருகியதை மறந்தும் போனேன். மூன்றாம் நாள் இரவு, பேத்தி உறங்கும் பாயை விரிக்கச் சென்ற என் மனைவி, விளக்கைத் தொட்டுவிட்டு, "என்னங்க, இது ஏன் இப்படிச் சுடுகிறது?" என்று வினவினாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்று சொல்ல வாயெடுத்தவன், ஏதோ உறுத்த எழுந்து சென்றேன். சுவிட்சை அணைத்து, செருகியதைப் பிடுங்கிய பின்னரே விளக்கைத் திறந்தேன். அதனுள் இருக்கும் எளிய சுற்று வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்புடையது. செருகிய நிலையில் திறந்தால் உயிருக்கே ஆபத்து. மின்கலத்தை அளந்தேன். 4.2 வோல்ட்டைத் தாண்டலாகாத அது 4.5 வோல்ட் காட்டியது.

அப்பொழுதே உண்மை விளங்கிற்று. பழைய சுற்றுக்கு நிறுத்தத் தெரியாது. மிகுதியான மின்னேற்றத்தை ஈய அமில பாட்டரி ஓரளவு பொறுத்துக்கொள்ளும், லித்தியம் பொறுக்காது, வீங்கித் தீப்பற்றவும் கூடும். அந்தப் பாயின் அருகிலா அதை வைத்திருந்தேன் என்று எண்ணியபோது என் கைகள் நடுங்கின.

அந்த மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தவில்லை. சுவரில் செருகும் முனைகளையும் பழைய சுற்றையும் அறவே நீக்கினேன். புதிய மின்கலத்துடன், பெருவிரல் அளவேயான ஒரு சிறு மின்பலகையையும் பொருத்தினேன். கைப்பேசி சார்ஜரின் 5 வோல்ட்டைப் பெற்று, 4.2 வோல்ட் ஆனதும் மின்னேற்றத்தை அது தானே நிறுத்திவிடும். மின்கலம் அளவுக்கு மீறி வடிந்தாலும், கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலும் தொடர்பைத் துண்டித்துவிடும். அதன் விலை சில பத்து ரூபாய்களே. அதைத்தான் முதலில் வேண்டாமென்று ஒதுக்கியிருந்தேன்!

அன்பு வாசகர்களே, பெரிய மின்கலத்துக்கு இடம் செய்வது எளிது. அதற்கேற்ற காவலை அமைப்பதே கடினம். ஆற்றலைப் பெருக்குபவன் காவலையும் உடன் பெருக்க வேண்டும். இயற்பியல் படியாத என் மனைவியின் ஒரு கேள்வியே அன்று எங்கள் வீட்டைக் காத்தது.

இன்று மாதந்தோறும் முதல் சனிக்கிழமையன்று விளக்கை ஏற்றிச் சோதிக்கும் பொறுப்பு பேத்தியுடையது. ஒளியைப் பார்த்த பின், தன் பாட்டியைப் போலவே அதைத் தொட்டும் பார்க்கிறாள்.