இருந்தும் இல்லாத கணக்கு

எழுபது வயதில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். என் மனைவியும் சிரித்தாள்.

எங்கள் குடியிருப்பில் ரத்த தானம் செய்யச் சம்மதித்தவர்களின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சுமார் 60 பேர். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆசை. சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பேத்தி, "எக்செல் போதுமே தாத்தா" என்றாள். "நீ ஆபீஸில் செய்கிற மாதிரியே செய்வோம்" என்று பிடிவாதம் பிடித்தேன்.

அவள் அறிமுகப்படுத்தியது ரெடிஸ். சிசிலியைச் சேர்ந்த சால்வடோரே சான்ஃபிலிப்போ 2009-ல் வெளியிட்ட தரவுத்தளம். ஒரு சாவி, அந்தச் சாவிக்கு உரிய தகவல், அவ்வளவுதான் அடிப்படை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரின் நினைவகத்திலேயே வைத்திருப்பதால், சாவியைச் சொன்ன மாத்திரத்தில் தகவலை எடுத்து நீட்டிவிடுகிறது.

"எங்கள் பேங்க் லெட்ஜர் மாதிரிதான். கணக்கு எண் சொன்னால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்" என்றேன்.

"எண் தெரியாதவர் வந்தால் என்ன செய்வீர்கள் தாத்தா?"

சுருக்கென்றது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குத்தான் ரூபி மொழியில் 'ஓம்' என்றொரு லைப்ரரி இருக்கிறது என்றாள். பிரணவம் அல்ல, ஆப்ஜெக்ட்-ஹாஷ் மேப்பிங் செய்வது அதன் வேலை. லைப்ரரி என்றால் நம் கிளை நூலகமும் அல்ல. யாரோ எழுதி வைத்த புரோகிராம்களை நாம் எடுத்துப் பயன்படுத்திக்கொள்வது.

பெயர், போன், ரத்தப் பிரிவு சேர்ந்த ஓர் ஆளை அப்படியே அதனிடம் கொடுத்தால், ஓர் எண் போட்டு, 'மெம்பர்:7' என்பதுபோல ஒரு சாவியின் கீழ் ரெடிஸில் வைத்துவிடும். ரத்தப் பிரிவுக்கு இண்டெக்ஸ் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், எந்தப் பிரிவில் எந்த எண்காரர்கள் என்று தனியாகவும் குறித்துக்கொள்ளும். இண்டெக்ஸ் கேட்காத விவரத்தை வைத்துத் தேடினால், மழுப்பாமல் பிழை என்று சொல்லிவிடும்.

இரண்டு வாரத்தில் 60 பேரையும் ஏற்றினேன். ஒருவருக்கு பி பாசிட்டிவ் என்று போட்டிருந்தேன்; அவர் ஓ நெகட்டிவ். சின்னத் திருத்தம்தானே என்று, ஓம் வழியாகப் போகாமல் நேராக ரெடிஸுக்குள் நுழைந்து மாற்றிவிட்டேன். பிறகு ஓ நெகட்டிவ் என்று தேடினால் ஒருவருமே இல்லை என்கிறது! பி பாசிட்டிவ் என்று தேடினால் மனிதர் அங்கே உட்கார்ந்திருக்கிறார், ஓ நெகட்டிவ் என்ற அட்டையோடு.

"லெட்ஜரைத் திருத்தினீர்கள், இண்டெக்ஸைத் திருத்தவில்லை தாத்தா" என்றாள் போனில். ஓம் வழியாக அவரை எடுத்துத் திரும்ப ஒருமுறை சேமித்ததும் சரியாகிவிட்டது. அன்று யாருக்கும் ரத்தம் தேவைப்படவில்லை. தப்பித்தோம்.

1981-ல் அப்படித் தப்பிக்கவில்லை.

கிராமத்துக் கிளை ஒன்றில் சேமிப்புக் கணக்கு லெட்ஜர் என்னிடம் இருந்தது. ஒருநாள் வயதான அம்மா ஒருவர் வந்தார். கணவர் இறந்து பத்து நாள். மாடு விற்ற பணத்தை இவர் பெயரில் போட்டு வைத்திருப்பதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். பாஸ்புக்கைக் காணோம், எண்ணும் தெரியாது. பெயர் இண்டெக்ஸைப் புரட்டினேன். இல்லை. "உங்கள் பெயரில் கணக்கே இல்லையம்மா" என்றேன். அவர் வாதாடவில்லை. "அவரு சொன்னாரேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாம் நாள், லெட்ஜர் பேலன்ஸ் எடுக்கும்போது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. 1,140 ரூபாய். கணக்கைத் திறந்தவன் நான்தான். கூட்ட நாளில் லெட்ஜரில் எழுதிவிட்டு, இண்டெக்ஸை அப்புறம் எழுதலாம் என்று விட்டிருக்கிறேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் காதுத் தோட்டை அடகு வைத்துக் கருமாதியை முடித்திருந்தார். என்னைத் திட்டவில்லை. "அப்போ அவரு பொய் சொல்லலை" என்றார். மோர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வந்தேன்.

இந்தக் கதையைப் பேத்தியிடம் இப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.

எண் தெரிந்தவருக்கு இண்டெக்ஸ் தேவையே இல்லை. எதுவும் தெரியாமல் கவுண்டர் முன்னால் வந்து நிற்பவருக்காகத்தான் அது. கணக்கு திறப்பதும் இண்டெக்ஸ் எழுதுவதும் ஒரே வேலை என்று அன்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, ஓம் அதை ஒரே வேலையாகத்தான் செய்கிறது. நாம் குறுக்கு வழியில் போகாமல் இருந்தால் போதும்.

இப்போது ஒரு போன் நம்பர் மாறினாலும் ஓம் வழியாகத்தான் மாற்றுகிறேன். மாற்றிவிட்டு, ஒருமுறை தேடியும் பார்த்துவிடுகிறேன்.