ஆலைச் சங்கும் இட்லிக் கூடையும்

கோயமுத்தூரைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டால் ஆலை முதலாளிகளைத்தான் நம்மவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. 1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் துரை இங்கே நூற்பாலை நிறுவினார். சுற்றிலும் கரிசல் மண், பருத்திக்குப் பஞ்சமில்லை. 1932-ல் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்ததும், ஆலைகள் மளமளவென்று பெருகின. யந்திரங்களைச் செப்பனிடப் பட்டறைகள் தோன்றின. பின்னர் கிணற்றுப் பம்புகளும் மோட்டார்களும் இவ்வூரிலேயே உற்பத்தியாகலாயின.

ஆனால் சங்கு ஊதியதும் ஆலைக்குள் ஓடிய மனிதனுக்குப் பசி உண்டல்லவா? அவனுக்குக் குறைந்த விலையில் இட்லியும், கீரையும், பழந்துணியும் கொடுத்தவர்கள் யார்? எந்தப் பேரேட்டிலும் பெயர் ஏறாத தெரு வியாபாரிகளே. அவர்கள் மலிவாக விற்றதனால்தான் தொழிலாளியின் சொற்பக் கூலி மாதக் கடைசி வரை ஓடியது. ஆகவே, ஆலையின் லாபத்திலும் அந்தக் கூடைக்காரிக்கு ஒரு பங்கு உண்டு என்பேன்.

இன்று பழைய ஆலைகளில் பல மூடிக் கிடக்கின்றன. சங்கொலி ஓய்ந்த பிறகும் கூடை ஓயவில்லை. நான் காலையில் நடக்கும் வீதியில் இட்லி விற்கும் மூதாட்டி ஒருத்தி உண்டு. சாலையை அகலப்படுத்துவதாகச் சொல்லி அவளை இரண்டு முறை அப்புறப்படுத்தி விட்டார்கள். இப்போது ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறாள். "கஷ்டமாயில்லையா, அம்மா?" என்று கேட்டேன்.

"ரோடு அகலமாகட்டுமுங்க. அதுக்குன்னு வயிறு சின்னதாயிடுமுங்களா?" என்றாள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே 2014-ல் பாராளுமன்றம் தெரு வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும் வரை ஒருவரையும் அகற்றலாகாது; நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும் என்று அது கூறுகிறது. சட்டம் நல்லதுதான். அது ஏட்டை விட்டு இறங்கி வேப்பமரத்தடிக்கு வரவேண்டும்.

பாதசாரிக்கு வழி வேண்டாம் என்று நான் வாதாட வரவில்லை. நகரத்தின் படத்தை வரைகிறவர்கள் வண்டிகள் நிற்க இடம் குறிக்கிறார்கள். கூடைக்கும் நான்கு சதுர அடி குறிக்கக் கூடாதா? நாமும் அவளிடம் பேரம் பேசுவதோடு நில்லாமல், அவளுக்காக ஒரு வார்த்தை பேசக் கடமைப்பட்டிருக்கிறோம்.